கரண்ட் பில் நேரத்துக்குக் கட்ட முடியவில்லையா? எந்தச் சிக்கலுக்கு எங்கே பார்ப்பது

ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரீசார்ஜ் என்று எல்லாம் செய்யும் ஒரு சின்னக் கடை என்னுடையது. கரண்ட் பில் கட்டவும் நிறையப் பேர் வருவார்கள். பணம் இல்லாமல் தாமதமாகக் கட்டியவர்களைவிட, பில் வந்ததே தெரியாமல் விட்டவர்களையும், வேறு யாருடைய நம்பருக்கோ கட்டியவர்களையும், பணம் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தவர்களையும்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வருவது அதே ஏழெட்டுச் சிக்கல்தான். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாம் தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கானது.

கீழே போவதற்கு முன் இரண்டு விஷயங்கள் கையில் இருக்கட்டும். ஒன்று, சர்வீஸ் நம்பர். வெள்ளை கார்டிலோ பழைய ரசீதிலோ இருக்கும், ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். இன்னொன்று, வீட்டில் ரீடிங் எடுக்கும் தேதி. ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பார்கள், எடுத்த நாளிலிருந்து 20 நாள் கெடு. மாதக் கடைசி, மாத முதல் தேதி என்ற கணக்கெல்லாம் இதில் கிடையாது.

பில் வந்ததே தெரியவில்லை

மெசேஜ் வரும், வந்ததும் கட்டலாம் என்று காத்திருப்பவர்களுக்குத்தான் இது நடக்கிறது. மெசேஜை நம்பாதீர்கள். அது வந்தால் நல்லது, வராவிட்டாலும் கெடு நகராது.

முதலில் மின்வாரியத்தின் இணையதளத்திலோ ஆப்பிலோ சர்வீஸ் நம்பரைப் போட்டு நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள்.

*நிலுவை காட்டுகிறது, மெசேஜ்தான் வரவில்லை:* பதிவான போன் நம்பர் உங்களுடையது இல்லை. வாடகை வீட்டில் பெரும்பாலும் இதுதான் காரணம், மெசேஜ் எல்லாம் வீட்டு ஓனருக்குப் போய்க்கொண்டிருக்கும். அவரிடம் சொல்லிவிட்டு உங்கள் நம்பரை மாற்றிப் பதிவு செய்யுங்கள், ஆன்லைனில் முடியவில்லை என்றால் உங்கள் பகுதிக்கான மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கார்டைக் காட்டி மாற்றலாம். வீட்டைக் காலி செய்யும்போது அந்த நம்பரை எடுத்துவிட்டுப் போவதும் உங்கள் பொறுப்பு, இல்லாவிட்டால் அடுத்து குடிவருபவருக்கு இதே கஷ்டம்.

*நிலுவை எதுவுமே காட்டவில்லை:* மூன்றில் ஒன்று. இன்னும் ரீடிங் எடுக்கவில்லை. அல்லது ரெண்டு மாதத்தில் 100 யூனிட்டுக்குள்தான் ஓடியிருக்கிறது, அந்த 100 யூனிட் வீட்டு இணைப்புக்கு இலவசம் என்பதால் கட்ட எதுவும் இல்லை. அல்லது வேறு யாராவது கட்டிவிட்டார்கள். மூன்றாவதைச் சிரித்துக்கொண்டே தள்ளிவிடாதீர்கள், அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம் அம்மா வீட்டு பில்லைக் கட்டுவது அடிக்கடி நடப்பதுதான். பேமென்ட் விவரத்தைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

*ரீடிங் எடுக்க வந்தபோது வீடு பூட்டியிருந்தது:* முந்தைய பயன்பாட்டை வைத்து ஒரு தொகை போடுவார்கள், அடுத்த ரீடிங்கில் அது சரிக்கட்டப்படும். பூட்டியிருந்தாலும் கெடு கெடுதான், அதனால் போட்ட தொகையைக் கட்டிவிடுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பியதும் மீட்டரில் ஓடும் எண்ணைத் தேதி தெரிவதுபோல ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் பேச உதவும். தொடர்ந்து ரெண்டு தடவை ரீடிங்கே எடுக்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காமல் பிரிவு அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. யூனிட் மொத்தமாகச் சேர்ந்து ஒரே பில்லில் விழுந்தால் பிரிக்க வைப்பதற்கு அலைய வேண்டியிருக்கும்.

உங்கள் வீடு ஒற்றை மாதமா இரட்டை மாதமா என்று கார்டில் பழைய தேதிகளைப் பார்த்தால் தெரியும். அந்த மாதங்களில், வழக்கமாக ரீடிங் எடுக்கும் தேதிக்கு நாலைந்து நாள் தள்ளி போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். நான் எல்லாருக்கும் சொல்லும் ஒரே வழி இதுதான், வேறு எந்த ஆப்பும் இந்த அளவுக்கு உதவியதில்லை.

ஆப் சர்வீஸ் நம்பரை எடுக்க மறுக்கிறது, அல்லது வேறு பெயர் காட்டுகிறது

*"தவறான எண்" என்று வருகிறது:* முதலில் மண்டல எண்ணைப் பாருங்கள். நம்பரின் தொடக்கத்தில் ரெண்டு இலக்கம் வர வேண்டும். கோவை 03, மதுரை 05, சென்னை தெற்கு 09, இப்படி. பழைய கார்டுகளில் இது இருக்காது, கார்டில் இருப்பதை மட்டும் அப்படியே அடித்தால் எந்த ஆப்பும் எடுக்காது.

அடுத்து சுழி. மண்டல எண்ணுக்குப் பின் பிரிவு எண் மூன்று இலக்கம், அதன் பின் பகிர்மான எண் மூன்று இலக்கம், கடைசியில்தான் உங்கள் இணைப்பு எண். கணக்கெடுப்பவர் கார்டில் அவசரமாக "234-12-87" என்று பேனாவால் எழுதியிருப்பார். அந்த 12 உண்மையில் 012. இந்த ஒரு சுழியைச் சேர்த்ததும் கடைக்கு வந்த பாதிப் பேர் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

ரெண்டும் சரி, அப்புறமும் வரவில்லை என்றால் அந்த ஆப்பின் தொல்லையாக இருக்கலாம். மின்வாரியத் தளத்தில் நேராகப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் இணைப்பு எண் மாற்றப்பட்டிருக்கும், பிரிவு அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

*பெயர் வேறு:* இறந்துபோன தாத்தா பெயரோ வீட்டை விற்றவர் பெயரோ வந்தால் பயப்பட வேண்டாம், பெயர் மாற்றம் செய்யாமல் விட்டிருப்பார்கள், பில் கட்டுவதற்கு அது தடையில்லை. ஆனால் கேள்விப்படாத பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தொகை கிட்டத்தட்ட நம் பில் மாதிரியே இருக்கிறதே என்று கட்டிவிடக் கூடாது.

*தவறான நம்பருக்குக் கட்டியாகிவிட்டது:* இது ஆப்பில் திரும்பி வராது, ஏனென்றால் ஆப்பைப் பொறுத்தவரை பணம் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ரசீதை அச்செடுத்து, தவறான எண், சரியான எண் ரெண்டையும் எழுதி, பிரிவு அலுவலகத்தில் மனு கொடுங்கள். அதற்கு நாளாகும். அதுவரை உங்கள் சொந்த பில் நிலுவையில்தான் நிற்கும் என்பதால் கெடுவுக்குள் அதைத் தனியாகக் கட்டிவிடுங்கள்.

பணம் போய்விட்டது, பில் கட்டவில்லை என்று காட்டுகிறது

கடையில் அதிகம் பதறிப்போய் வருவது இதற்குத்தான். பதற்றத்தில் உடனே மறுபடி கட்டுவார்கள், அதுவும் மாட்டிக்கொள்ளும். முதலில் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, என்ன நிலை போட்டிருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள்.

*தோல்வி என்கிறது, கணக்கில் பணம் குறைந்திருக்கிறது:* தானாகத் திரும்பும். யுபிஐ வழியாக வணிகருக்குச் செலுத்தி உறுதியாகாமல் போன பணம் 5 நாளுக்குள் திரும்ப வேண்டும் என்று 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு இழப்பீடு தர வேண்டும். வங்கியில் பேசும்போது இந்த விதியைச் சொல்லிப் பேசுங்கள், பதில் சொல்லும் விதமே மாறும்.

*வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை, பென்டிங் என்கிறது:* ஒருநாள் விடுங்கள். பெரும்பாலும் மறுநாளே வெற்றி அல்லது தோல்வி என்று ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

*வெற்றி என்கிறது, ஆனால் மின்வாரியத் தளத்தில் நிலுவை அப்படியே இருக்கிறது:* முதலில் ரசீதில் இருக்கும் சர்வீஸ் நம்பரைக் கார்டோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள், ஏனென்றால் மேலே சொன்ன தவறான நம்பர் விவகாரம் இப்படித்தான் வெளியே தெரியும். நம்பர் சரி என்றால் மறுநாள் வரை காத்திருங்கள், வேறு ஆப்கள் வழியாகக் கட்டியது மின்வாரியக் கணக்கில் ஏறச் சில சமயம் தாமதமாகும். அப்புறமும் ஏறவில்லை என்றால் நீங்கள் கட்டிய ஆப்பிலேயே அந்தப் பரிவர்த்தனையின் கீழ் புகார் பதியும் இடம் இருக்கும், அதில் பதியுங்கள். பாரத் பில்பே (பல ஆப்கள் பில் கட்டப் பயன்படுத்தும் பொது அமைப்பு) வழியாகப் போன பணம் என்றால் அதன் பரிவர்த்தனை எண்ணை வைத்துப் புகார் கொடுக்கலாம். பச்சை டிக் போட்ட ஸ்கிரீன்ஷாட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். யுபிஐயின் 12 இலக்கக் குறிப்பு எண்தான் பேசும், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

*இன்றைக்கே கடைசி நாள், பணம் மாட்டியிருக்கிறது:* இந்த ஒரு நிலைமையில் மட்டும் மறுபடி கட்டுங்கள் என்றுதான் சொல்வேன். அதே ஆப்பில் வேண்டாம், வேறு வழியில் கட்டுங்கள். மாட்டிய பணம் வங்கிக்குத் திரும்பலாம், அல்லது ரெண்டுமே ஏறி ஒன்று முன்பணமாக உங்கள் இணைப்பிலேயே நிற்கலாம். எப்படியும் உங்கள் பணம்தான். கெடு தாண்டினால் வரும் தாமதக் கட்டணமும், பீஸைப் (ஃப்யூஸ்) பிடுங்கிக் கரண்டை நிறுத்தும் தொல்லையும் அப்படித் திரும்பி வராது.

*வங்கியும் ஆப்பும் கைவிரித்துவிட்டன:* எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதிலில்லை, அல்லது பதில் ஏற்கும்படி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனில் புகார் அனுப்பலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. ஒரே ஒரு எச்சரிக்கை: கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி அடிக்காதீர்கள். அங்கே மோசடிக்காரர்கள் போட்டு வைத்த நம்பரும் கலந்திருக்கும்.

ஆட்டோபே போட்டிருந்தும் கட்டவில்லை

ஆட்டோபே போட்டதும் மறந்துவிடலாம் என்று நினைக்கிறோம். அது நிற்பதற்கு முதல் காரணம் உச்சவரம்பு. மார்கழியில் 900 ரூபாய் பில்லைப் பார்த்து 1,500 என்று வரம்பு வைத்திருப்பீர்கள், சித்திரை வைகாசியில் ஏசி ஓடி 3,000 வந்தால் அது எடுக்காது. 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமலே போக ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, அதனால் கோடைகால பில்லுக்கு ஏற்றபடி வரம்பைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.

அடுத்து கணக்கில் பணம் இருந்ததா, கார்டு காலாவதி ஆனதா என்று பாருங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும். வரவில்லை என்றால் ஆட்டோபே செயலில் இல்லை என்றே எடுத்துக்கொண்டு கையால் கட்டிவிடுங்கள்.

தனியாக இருக்கும் வயதான அப்பா அம்மாவுக்காக வெளியூரிலிருந்து பில் கட்டுபவர்களுக்கு நான் ஆட்டோபேயைவிட முன்பணத்தைத்தான் சொல்வேன். சாதாரணமாக வரும் பில்லைப்போல ரெண்டு மடங்கு முன்கூட்டியே கட்டி வைத்தால், ஒவ்வொரு தடவையும் அதிலிருந்து கழிந்துகொள்ளும். நாலு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து மறுபடி கட்டினால் போதும், அவர்களும் இருட்டில் உட்கார வேண்டியதில்லை.

போன், ஆப் எதுவும் பழக்கமில்லை

பிரிவு அலுவலகக் கவுண்டர், தபால் நிலையம், இ-சேவை மையம் என்று வழி இருக்கிறது. கடைசி நாளில் போகாதீர்கள், அன்றைக்கு சர்வர் படுத்தால் கேட்பதற்கு நாதியில்லை. பெரிய தொகையைக் கவுண்டரில் ரொக்கமாக வாங்க மாட்டார்கள், காசோலையோ வரைவோலையோ கேட்பார்கள். காசோலை திரும்பினால் அபராதம் தனி. தெருவில் யாரிடமாவது பணம் கொடுத்துக் கட்டச் சொன்னால், சர்வீஸ் நம்பர் போட்ட ரசீது கைக்கு வரும்வரை கட்டியதாக நினைக்காதீர்கள்.

தொகை பயங்கரமாக வந்திருக்கிறது, கட்டுவதா வேண்டாமா

"தப்பான பில்லை நான் ஏன் கட்டணும்" என்று கோபத்தில் கெடுவைத் தாண்ட விட்டவர்களின் கோபம் நியாயமானதுதான், ஆனால் கரண்ட் போனபிறகு அந்தச் சண்டையை இருட்டில் போட வேண்டியிருக்கிறது. செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குங்கள்.

*பழைய நிலுவை சேர்ந்திருக்கிறதா:* பில் விவரத்தைத் திறந்தால் இந்த முறைக் கட்டணம் தனி, பழைய பாக்கி தனி என்று இருக்கும். போன தடவை கட்டியது ஏறாமல் போயிருந்தால் இங்கே தெரியும்.

*500 யூனிட்டைத் தாண்டியதா:* தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த மானியம் போய்விடும், தாண்டிய யூனிட்டுக்கு விலையும் அதிகம். அதனால் 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கும் 510 ஓட்டிய வீட்டுக்கும் பில்லில் 300 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும். இது பிழை இல்லை, கணக்கே அப்படித்தான்.

*ரீடிங் தள்ளி எடுத்தார்களா:* கார்டில் முந்தைய தேதியையும் இந்தத் தேதியையும் எண்ணுங்கள். பத்து நாள் தள்ளி எடுத்து, அதனால் 500ஐத் தாண்டியிருந்தால் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்கலாம்.

*எண்ணைத் தவறாகப் பதிந்தார்களா:* இன்றைக்கு மீட்டரில் ஓடும் எண், பில்லில் போட்ட எண்ணைவிடக் குறைவாக இருந்தால் தவறு உறுதி, மீட்டர் பின்னால் ஓடாது. போட்டோ எடுத்துக்கொண்டு நேராகப் போங்கள், இது சீக்கிரம் தீரும்.

*வேறு வீட்டு மீட்டரா:* அடுக்குமாடியில் பத்து மீட்டர் வரிசையாக இருக்கும் இடத்தில் இது நடக்கும். உங்கள் வீட்டு மெயினை அணையுங்கள், கீழே போய் உங்கள் மீட்டரில் மினுக்கும் சிவப்புப் புள்ளியைப் பாருங்கள். நின்றுவிட்டால் மீட்டர் உங்களுடையதுதான். நிற்காமல் மினுக்கிக்கொண்டே இருந்து, பக்கத்து மீட்டரில் நின்றிருந்தால் ரெண்டும் மாறியிருக்கிறது. எதுவுமே நிற்கவில்லை, உங்கள் மீட்டர் மினுக்குகிறது என்றால் மெயினுக்கு முன்னால் யாரோ ஒயர் எடுத்திருக்கிறார்கள், அல்லது மீட்டரில் கோளாறு. இந்த இடத்தில் உங்கள் கை வேலை முடிந்தது, சீல் வைத்த மீட்டரைத் தொடக் கூடாது.

*மெயின் அணைத்தால் நிற்கிறது, போட்டால் எல்லா சுவிட்சும் அணைத்திருந்தும் மினுக்குகிறது:* வீட்டுக்குள் கசிவு. உரிமம் உள்ள எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் பழைய மோட்டார், கீசர், அல்லது ஈரச் சுவரில் ஓடும் ஒயர். பில் ஒருபக்கம் இருக்கட்டும், இது உயிருக்கே ஆபத்து.

*எல்லாம் பார்த்தும் காரணம் தெரியவில்லை:* கட்டணம் செலுத்தி மீட்டரைச் சோதிக்கக் கேளுங்கள். நடுவில் கெடு வந்தால் என்ன செய்வது? மின்சாரச் சட்டம் 2003ன் 56ஆம் பிரிவில் வழி இருக்கிறது. கேட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதச் சராசரியையோ, எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிய கடிதத்தின் நகலில் ஒப்புகை முத்திரை வாங்குங்கள். உதவிப் பொறியாளர், செயற்பொறியாளர் என்று பேசியும் தீராவிட்டால், மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் செயல்படும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுதுங்கள். அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார்.

பீஸைப் பிடுங்கிவிட்டார்கள்

முதலில் உண்மையிலேயே பிடுங்கினார்களா என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா, உங்கள் போர்டில் ஏதாவது சுவிட்ச் கீழே விழுந்திருக்கிறதா, தளத்தில் நிலுவை காட்டுகிறதா. நிலுவை இல்லை என்றால் இது பில் சம்பந்தப்பட்டதே இல்லை, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்கு அடித்துச் சொல்லுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

நிலுவை இருந்தால் மறு இணைப்புக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டி, ரசீதோடு பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள் அல்லது போன் செய்யுங்கள். கட்டியதும் கரண்ட் தானாக வந்துவிடும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், ஒரு ஆள் வந்துதான் பீஸைப் போட வேண்டும், அவருக்குத் தகவல் போக வேண்டும். முந்தைய இரவுதான் கட்டினீர்கள், காலையில் வந்து நிற்கிறார் என்றால் அவர் கையில் இருக்கும் பட்டியல் உங்கள் பணம் ஏறுவதற்கு முன் எடுத்தது. சண்டை வேண்டாம், ரசீதைக் காட்டுங்கள்.

நீங்களாகப் பீஸைச் செருகாதீர்கள். துண்டித்த இணைப்பை அனுமதியில்லாமல் திரும்பக் கொடுப்பது அதே சட்டத்தின் 138ஆம் பிரிவில் குற்றம். அதைவிட முக்கியம், தெருவிலிருந்து வரும் பக்கம் அந்தப் பீஸ் கட்டையில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும், வீட்டு மெயினை அணைத்தாலும் அது போகாது.

"இன்று இரவு 9.30க்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று மெசேஜ்

மோசடி. பத்து இலக்க சாதாரண மொபைல் நம்பரிலிருந்து வந்து, "அதிகாரியை அழையுங்கள்" என்று இன்னொரு நம்பர் போட்டிருக்கும். அழைத்தால் பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொல்லி, போனை அவர்கள் பார்க்கும்படி ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள், அதில் கணக்கே காலியாகிவிடும். லிங்கைத் தொடாதீர்கள், அழைக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் மெசேஜை மூடிவிட்டு, நீங்களாகத் தளத்தைத் திறந்து சர்வீஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே இறக்கிவிட்டீர்களா? போனின் இணையத்தை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தப் பணம் பல கணக்கு மாறிவிடும்.